தீர்ப்பைத் தேடித் தருபவர்கள்

குமராட்சியில் ஒரு நிலத் தகராறு முற்றினால் அது கேஸ் கட்டாகிக் காட்டுமன்னார்கோயிலுக்கோ சிதம்பரத்துக்கோ போகும். அடுத்து கடலூர், அதற்கும் மேல் சென்னை. கட்டைச் சுமந்த வக்கீலையும் குமாஸ்தாவையும் ஊர் அறியும். வாதத்துக்கு வேண்டிய பழைய தீர்ப்பை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவரை யாருக்கும் தெரியாது. நீதிமன்ற விழா மலர்களில் நீதிபதிகளின் படங்களும் சங்கத் தலைவர்களின் வரிசையும் தவறாமல் வருகின்றன. நூலகரின் படத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே இந்தப் பக்கங்கள் அவர்களுக்கு.

இந்த வட்டாரத்தில் தீர்ப்பைத் தேடித் தரும் வேலையின் தொடக்கத்தைத் தேடினால் மாயூரம் வேதநாயகம் பிள்ளையிடம் போய் நிற்கிறோம். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால் அவரை எல்லாரும் அறிவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்துவிட்டு, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என முன்சீபாக இருந்தவர் அவர். 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். இலக்கிய வரலாறுகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. என் கணக்கில் இது நாவலுக்குக் குறைந்த வேலை அன்று. மேல்கோர்ட்டு என்ன சொன்னது என்பது ஆங்கிலம் படித்த சிலரோடு நின்றிருந்த காலம் அது. வழக்காடும் குடியானவன் தன் மொழியில் அதைப் படிக்கலாம் என்று நினைத்த முதல் ஆட்களில் ஒருவர் அவர்.

வேதநாயகர் 1889இல் மறைந்தார். அவர் முன்சீபாக இருந்த சீர்காழியில் மூன்று ஆண்டு கழித்து, 1892இல் எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் சட்டத்துக்கு ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தைக் கொடுத்தார். எழுத்துதான் கடைசி; அக்கறையில் குறைவில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற அவருடைய நான்காம் நூலக விதி வேறெந்த நூலகத்தையும்விட நீதிமன்ற நூலகத்துக்கே பொருந்தும். பதினோரு மணிக்கு வழக்கு அழைக்கப்படும். பத்தே முக்காலுக்கு ஜூனியர் ஓடி வருவார்.

அலமாரிகள் எப்படி நிறைந்தன என்பது பெரிய கதையன்று. 1876 முதல் இந்தியன் லா ரிப்போர்ட்ஸ், 1891இல் மெட்ராஸ் லா ஜர்னல், 1914இல் லா வீக்லி, 1969இல் எஸ்.சி.சி. என்ற சுப்ரீம் கோர்ட் கேசஸ். தீர்ப்புகளை அச்சிட்ட இவையெல்லாம் சந்தாவில் வந்து, பைண்டிங் ஆகி, அடுக்கேறின.

அவற்றால் என்ன பயன் என்பதற்கு நம் ஊர் வழக்கே சாட்சி. சிதம்பரம் நடராசர் கோயில் யார் நிர்வாகத்தில் இருக்க வேண்டும் என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. அதில் பழைய தீர்ப்புகள் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். 1951இல் கோயில் நிர்வாகம் குறித்து அரசு பிறப்பித்த அறிவிப்பை அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1952ஆம் ஆண்டு மெட்ராஸ் லா ஜர்னல், முதல் தொகுதி, 557ஆம் பக்கத்தில் அது இருக்கிறது. 1987இல் மறுபடி நிர்வாக அதிகாரி நியமனம். 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அரசின் பக்கம். 2014 ஜனவரி 6இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியபோது, 1951 தீர்ப்பு இறுதியாகிவிட்டது, அதே கேள்வியை மீண்டும் கிளப்ப முடியாது என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. கோயில், அதன் பூசகர்களான தீட்சிதர்களின் தனிச்சொத்து அன்று என்ற 1890ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இவ்வழக்கில் எடுத்துப் பேசப்பட்டது. 62 ஆண்டுப் பழைய ஒன்றும் 120 ஆண்டைத் தாண்டிய ஒன்றும்! செல்லரிக்கட்டும் என்று விட்டிருக்கக்கூடிய காகிதங்கள்தாம்.

பழைய தீர்ப்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. மேல்முறையீட்டில் அது நின்றதா, பிந்திய தீர்ப்பு ஏதாவது அதைத் தள்ளியதா, சட்டமே திருத்தப்பட்டதா என்று பார்ப்பது மீதிப் பாதி. அதற்குத்தான் பயிற்சி வேண்டும். கூடவே ஊர் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்: குமராட்சிப் பக்கத்துப் பழைய வழக்கைக் கடலூர் மாவட்டம் என்று தேடினால் அகப்படாது, 1993 வரை நாம் தென்னார்க்காடு.

இப்போது எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டது. 2008 முதல் இந்தியன் கானூன் இணையதளம் இலவசம். 2023இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புத் திரட்டையே இலவசமாக இணையத்தில் வைத்தது. சில தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. வேதநாயகர் கேட்டால் மகிழ்வார். ஆனால் அதே 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், சாட்ஜிபிடி புனைந்த இல்லாத தீர்ப்புகளை நிஜமென்று தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். மூலத்தை எடுத்து ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு தரம் பார்ப்பதுதான் நூலகர் தொழில்.

2024 ஜூலை 1இல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததும், இந்தியத் தண்டனைச் சட்டப் புத்தகங்களை இனி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கொலைக்கு 302ஆம் பிரிவு போய் 103 வந்தது சரி. ஜூன் 30 இரவு நடந்த கொலைக்கு இன்றும் 302தான். அந்த வழக்குகள் மேல்முறையீடு வரை போய் முடியப் பல ஆண்டு ஆகும். அதுவரை இரண்டு புத்தகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டும் குமராட்சிக்காரருக்கும் சட்ட நூல்களில் உரிமை உண்டு. சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டம், இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண் ஆகியவற்றைத் தமிழில் வைத்த ஒரு தட்டு கிளை நூலகங்களில் இருப்பது பெரிய செலவன்று. வழக்கறிஞர் சங்கங்கள் மென்பொருள் சந்தாவுக்குப் பணம் ஒதுக்கும்போது, அதைக் கையாளத் தெரிந்த ஒரு நூலகருக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும். மூத்த வக்கீல்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டிலிருக்கும் பழைய ஜர்னல் தொகுதிகளை எடைக்குப் போடாதீர்கள், சங்க நூலகத்துக்குக் கொடுங்கள்.