மாடிக்கு வைஃபை ஏறலையா? சுவர்ல தொங்குற பழைய கேபிள் டிவி ஒயரைப் பாருங்க!

ஹால்ல ஃபைபர் கனெக்‌ஷன், 100 எம்பிபிஎஸ் பிளான். ஆனா மாடி ரூம்ல உட்கார்ந்து ஆன்லைன் இன்டர்வியூ அட்டெண்ட் பண்ணினா, பாதியில உங்க முகம் அப்படியே உறைஞ்சு நிக்குதா? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தடிச்ச சுவர் வெச்ச பழைய வீடுகள்ல இது சகஜம். ஒரு சுவர், ஒரு கான்கிரீட் தளம் தாண்டுறதுக்குள்ளயே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை களைச்சுப்போயிடும்.

அதே வீட்டுல ஹால்லேருந்து மாடிக்கு ஒரு கறுப்பு டிவி ஒயர் போகும், கவனிச்சிருக்கீங்களா? மாடி டிவியை எப்பவோ எடுத்திருப்பாங்க, ஒயர் மட்டும் கிடக்கும். அது கோஆக்ஸ் கேபிள். அதுல இன்டர்நெட்டையும் அனுப்பலாம். அந்தத் தொழில்நுட்பத்துக்குப் பேர் மோக்கா.

கேபிள் டிவி சேனல்கள் பொதுவா 860 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே முடிஞ்சிடும். மோக்கா ஓடுறது 1125-லிருந்து 1675 வரை. அதனால ஒரே ஒயர்ல சீரியலும் ஓடும், உங்க ஜூம் காலும் ஓடும். மோக்கா 2.5 அடாப்டர் ரெண்டு வேணும். ஒண்ணை ரவுட்டரோட லேன் போர்ட்டுல மாட்டி, டிவி ஒயரோட இணைங்க. இன்னொண்ணை மாடியில, ஒயரோட மறுமுனையில மாட்டி, லேப்டாப்புக்கோ இன்னொரு வைஃபை பெட்டிக்கோ கொடுங்க. ஃபைபர் பிளானோட வேகம் பெரும்பாலும் குறையாம மேலே போகும்.

சிக்கல் வர்றது நடுவுல இருக்கிற ஸ்பிளிட்டர்லதான். கடையில கிடைக்கிற சாதாரண ஸ்பிளிட்டர்ல '5-1000' மெகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கும். அது இதுக்குச் சரிப்படாது. 1675 வரை தாங்குறதா வாங்குங்க. நடுவுல பூஸ்டர் இருந்தாலும் மோக்கா சிக்னல் அங்கேயே நின்னுடலாம். துருப்பிடிச்ச கனெக்டரை யோசிக்காம வெட்டி மாத்துங்க.

டிடிஹெச் வீடுன்னா? டிஷ்லேருந்து பாக்ஸுக்கு வர்ற ஒயரைத் தொடாதீங்க. அதுல 950-லிருந்து 2150 வரை டிஷ் சிக்னல் ஓடுது, கூடவே 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் போகுது. சும்மா கிடக்கிற தனி ஒயர் இருந்தா மட்டும் முயற்சி பண்ணுங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். சுவரோட சுவர் ஒட்டின தெருவுல, ஒரே ஸ்பிளிட்டர்லேருந்து நாலு வீட்டுக்கு லைன் போயிருக்கும். உங்க மோக்கா சிக்னல் அந்த வழியா பக்கத்து வீட்டு வரைக்கும் போக வாய்ப்பிருக்கு. லைன் வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல மோக்கா ஃபில்டர் ஒண்ணு மாட்டுங்க, அடாப்டர்ல பாஸ்வேர்டும் போடுங்க. ஆபரேட்டர் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டே செய்யுங்க, லைன் அவரோடது.

மோக்கா அடாப்டர் நம்ம ஊர் கடைகள்ல அரிது, விலையும் கொஞ்சம் கடிக்கும். டிவி ஒயர் பிளாஸ்டிக் பைப்புக்குள்ள தாராளமா ஓடுதுன்னா, என் ஓட்டு கேட்-6 ஒயருக்குத்தான். பழைய ஒயரோட முனையில புது ஒயரை டேப் சுத்திக் கட்டி, மேலேருந்து ஒருத்தர் மெதுவா இழுக்க, கீழேருந்து ஒருத்தர் தள்ளணும். கரண்ட் ஒயர் ஓடுற பைப்புல மட்டும் இந்த வேலை வேண்டாம்.