ராகுவுக்கு மூட்டிய நெருப்பும் தாது வருஷப் பஞ்சமும்

1871 டிசம்பர் 12 காலை, முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்தது. பேக்கல் கடற்கரையில் ஏறி நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை வழியே யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. திண்டுக்கல் சமவெளி அந்தப் பாதையை ஒட்டிக் கிடந்தது.

பேக்கலில் காத்திருந்தவர் நார்மன் லாக்கியர். சூரிய ஒளியில் ஹீலியத்தை அடையாளம் கண்டவர். ‘நேச்சர்’ இதழைத் தொடங்கியவர். வெளிச்சம் மங்கியதும் ஊரார் திரண்டு, ராகுவைத் தணிக்க நெருப்பு மூட்ட முனைந்தனர். புகை கிளம்பினால் தொலைநோக்கியில் ஒன்றும் தெரியாது. போலீஸார் தடுத்துவிட்டனர்.

ஊரார் அச்சத்துக்கு ஏட்டு ஆதாரமும் உண்டு. 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர், சந்திரன் பூமியின் நிழலில் புகுவதே சந்திர கிரகணம் என்று பிருகத் சம்ஹிதையில் தெளிவாகச் சொல்கிறார். அதே அத்தியாயத்தில், கிரகணம் விட்ட ஏழு நாளுக்குள் புழுதி பொழிந்தால் பஞ்சம், நிலம் நடுங்கினால் அரசனுக்கு மரணம் என்று பலனும் எழுதுகிறார். கணிதத்தையும் பலனையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது பஞ்சாங்க மரபு.

கிரகணம் முடிந்து ஐந்தாண்டில், 1876-இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பெயர்பெற்ற அதில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தினார். நிவாரண வேலைக்கு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று குறைக்கப்பட்டது. பழி ராகுவுக்கல்ல, லிட்டனுக்கே உரியது.

அதே ஆண்டு லாக்கியர், ஹன்டர் என்பவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்: 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியக் கரும்புள்ளிகள் குறையும்போது மழை குறையும், பஞ்சம் வரும். பேக்கலில் நெருப்பு மூட்ட வந்தவர்களைப் போலவே அவரும் பஞ்சத்தின் காரணத்தை வானத்தில் தேடினார். கையில் கருவி இருந்தது, அவ்வளவே வேறுபாடு.

ஆனால் அந்தத் தேடல் வீண்போகவில்லை. சூரியனை ஆராய வேண்டும் என்று பஞ்சத்துக்குப் பின் எழுந்த பரிந்துரையின் தொடர்ச்சியாக, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானலில் 1899-இல் சூரிய ஆய்வகம் அமைந்தது. கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் அங்கே வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்தார். பருவமழைக்கான விடையோ சூரியனில் கிடைக்கவில்லை. அன்றைய இந்திய வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்கு இடையே காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவதில் அதன் தடயத்தைப் பிடித்தார். அந்த அழுத்த மாற்றத்தோடு பிணைந்ததே எல் நினோ; தாது வருஷத்தை அடுத்து 1877-இல் வந்த எல் நினோ, பதிவானவற்றில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று.

கிரகண அச்சம் மட்டும் ஓயவில்லை. 2019 டிசம்பர் 26 காலை திண்டுக்கல்லில் கங்கண கிரகணம் தெரிந்தது. கோயில் நடைகள் சாத்தப்பட்டன. தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை விழுந்தது. தாம்பாளத்து மஞ்சள் நீரில் உலக்கை செங்குத்தாக நின்றது. அடிப்பகுதி தட்டையான உலக்கை எந்த நாளிலும் அப்படி நிற்கும். தனுசு ராசியில் ஆறு கிரகச் சேர்க்கை என்றும், சுனாமி வந்த அதே தேதி என்றும் பேச்சு. பின்னால் வந்த கொரோனாவும் அந்தக் கிரகணத்தின் கணக்கில் எழுதப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு கிரகணப் பருவம் வருகிறது; ஆண்டுக்குச் சூரிய கிரகணம் மட்டுமே குறைந்தது இரண்டு. எந்தப் பேரிடருக்கும் சில மாதம் முன்னோ பின்னோ ஒரு கிரகணம் இருந்தே தீரும்.