பீட்டர் கேப்ரியல்

பீட்டர் கேப்ரியல் (பிறப்பு: பெப்ரவரி 13, 1950) ஓர் ஆங்கிலேய ராக் இசைப் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். ஜெனிசிஸ் இசைக்குழுவின் முதற் பாடகராக அறிமுகமாகி, 1975 இல் அதிலிருந்து விலகித் தனிக் கலைஞராகப் புகழ்பெற்றார்.

ஜெனிசிஸ்

சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் உடன் பயின்ற டோனி பாங்க்ஸ், மைக் ரதர்போர்ட் முதலியோருடன் 1967 இல் இக்குழுவைத் தொடங்கினார். 1972 இல் நரித்தலை முகமூடியும் மனைவியின் சிவப்பு ஆடையும் அணிந்து மேடையேறியது குழுவுக்குப் பெரும் விளம்பரம் தேடித் தந்தது. எனினும் பத்திரிகைகள் அவரையே குழுவாகக் கருதியதால் மற்றவர்களிடம் மனக்கசப்பு வளர்ந்தது. 1974 இல் மூத்த மகள் பிறந்தபோது குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. ஒலிப்பதிவா குடும்பமா என்ற நெருக்கடியில் விலகும் முடிவு உறுதியாயிற்று. டிரம்ஸ் கலைஞர் பில் காலின்ஸ் பாடகரானார். குழு சரியவில்லை, முன்னிலும் புகழடைந்தது.

தனி வாழ்வு

விலகிய முடிவைப் பற்றியதே 1977 இல் வெளியான 'சால்ஸ்பரி ஹில்' பாடல். முதல் நான்கு இசைத்தொகுப்புகளுக்கும் தம் பெயரையே இட்டார். வாங்குவோருக்கு இது குழப்பமே. மூன்றாவதில் (1980) தாளத்தட்டு ஒலியை முற்றிலும் தவிர்த்தார். அதிலுள்ள 'பைக்கோ', 1977 இல் காவலில் இறந்த தென்னாப்பிரிக்கப் போராளி ஸ்டீவ் பைக்கோவைப் பற்றியது, அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது.

1982 இல் பல நாட்டு இசையை ஒருங்கே வழங்க அவர் நடத்திய வோமாட் விழா பெருங்கடனில் முடிந்தது. கடனை அடைக்கப் பழைய நண்பர்களே ஜெனிசிஸாக மீண்டும் ஒருநாள் கூடிப் பாடினர். 1986 இல் அமெரிக்கத் தரவரிசையில் ஜெனிசிஸின் பாடலை முதலிடத்திலிருந்து இறக்கியது இவரது 'ஸ்லெட்ஜ்ஹாமர்'. 1989 இல் வெளியான 'பேஷன்' தொகுப்பில் சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். சங்கர் வாசித்துள்ளார்.