வானலைகள் யாருடைய உடைமை?

குடியாட்சி நாட்டில் மக்களே மன்னர் என்று கூறுவதுண்டு. பழைய மன்னனுக்கு ஒற்றர் இருந்தனர். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி அனுப்பி, மூவர் கொண்டுவந்த சொல்லும் ஒத்திருந்தால் மட்டுமே அதனை மெய்யெனக் கொள்ள வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த அரசியல் நெறி. இன்றைய மக்களாகிய மன்னருக்குச் செய்தித்தாளும் வானொலியும் தொலைக்காட்சியுமே ஒற்றர். அந்த ஒற்றர் ஒரு கட்சிக்கு மட்டும் ஊழியம் செய்பவராயின், மன்னன் எதனை நம்பி ஆட்சி செய்வான்? அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாவோடு போராடி வருகின்றன. அப்போராட்டத்தின் சில கட்டங்களை ஈண்டு நோக்குவோம்.

முற்காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் நடுநிலை பிறழாதிருந்தன என்றும், பிற்காலத்திலேதான் கெட்டன என்றும் எண்ணுவோர் உளர். அது பிழையான எண்ணம். குடியரசு தோன்றிய நாளிலேயே கட்சிப் பத்திரிகையும் உடன்பிறந்தது. 1789-ஆம் ஆண்டில் ஜான் ஃபெனோ என்பவர் தொடங்கிய பத்திரிகை, நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் கொள்கைகளைப் போற்றி எழுதியது. அதற்கு மாற்றாக 1791-இல் கவிஞர் ஃபிலிப் ஃபிரெனோ ‘நேஷனல் கெஜட்’ என்னும் ஏட்டைத் தொடங்கினார். வெளிநாட்டு விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் தாமஸ் ஜெஃபர்சன், அவருக்குத் தம் இலாகாவில் மொழிபெயர்ப்பாளர் பதவி தந்து, ஆண்டுக்கு 250 டாலர் ஊதியமும் அளித்தார். அரசாங்கச் சம்பளம் பெற்றுக்கொண்டே அரசாங்கத்தின் கொள்கைகளைச் சாடும் விந்தையான நிலை அது.

வசைமாரி பொறுக்கமாட்டாத ஆளுங்கட்சி 1798-இல் ராஜத் துரோகச் சட்டம் ஒன்றை இயற்றியது. அரசாங்கத்தையோ, காங்கிரஸ் சபைகளையோ, ஜனாதிபதியையோ இழிவுபடுத்திப் பொய்யாக எழுதுவோர்க்கு ஈராண்டு வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம் என்றது அச்சட்டம். உதவி ஜனாதிபதியை இழித்துரைப்பது மட்டும் குற்றமெனக் கூறப்படவில்லை. ஏனெனில் அப்பதவியில் அன்று அமர்ந்திருந்தவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜெஃபர்சன்! சட்டத்தின் உள்நோக்கத்திற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் மாத்யூ லயன் நான்கு திங்கள் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். அவர் சிறையில் இருக்கும்போதே மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 1801-இல் சட்டம் காலாவதியாயிற்று. ஜனாதிபதியான ஜெஃபர்சன் தண்டனை பெற்றோர்க்கு மன்னிப்பு வழங்கினார். எழுத்தின் பிழையைத் திருத்தும் கோலை ஆளுங்கட்சியின் கையில் கொடுத்தால், அது பிழையைத் திருத்தாது, எதிரியையே அடிக்கும் என்னும் பாடத்தை அமெரிக்கர் அன்று கற்றனர்.

நடுநிலை என்னும் வழக்கம் மெல்ல மெல்லவே வந்தது. 1833-இல் நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே ஒரு சென்ட் விலையில் ‘சன்’ பத்திரிகையை விற்கத் தொடங்கினார். கட்சியின் பணத்தை நம்பாமல், வாசகரின் காசையும் விளம்பரத்தையும் நம்பி வாழும் பத்திரிகைகள் பெருகின. 1846-இல் நியூயார்க் பத்திரிகைகள் சில ஒன்றுகூடிச் செய்தி திரட்டத் தொடங்கியதிலிருந்து அசோசியேட்டட் பிரஸ் வளர்ந்தது. பல கட்சிப் பத்திரிகைகளுக்கும் ஒரே செய்தியை விற்க வேண்டுமாயின், அச்செய்தி எக்கட்சியின் நிறமும் ஏறாததாக இருத்தல் நலம். இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் பத்திரிகைத் தொழிலின் அறமாகவே மதிக்கப்பட்டது. இருவர் சொல்லையும் எழுது. உன் சொல்லைச் சேர்க்காதே என்பதே அவ்வறம்.

இவ்வறத்திலும் ஒரு குறை இருந்தது. அதனை நாடறியக் காட்டியவர் செனட் சபை உறுப்பினர் ஜோசப் மக்கார்த்தி. 1950 பிப்ரவரி 9-ஆம் நாள் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில், வெளிநாட்டு இலாகாவில் 205 கம்யூனிஸ்டுகள் இருப்பதாக அவர் கூறினார் என்று செய்தி வந்தது. அடுத்த நாள் அத்தொகை 57 ஆயிற்று. பதினொரு நாட்களில் செனட் சபையில் 81 ஆயிற்று. தொகை மாறியதேயன்றிச் சான்று வரவில்லை. ஆயினும், செனட் உறுப்பினர் ஒருவர் கூறியது செய்தியே என்ற முறையில் பத்திரிகைகள் அவர் கூற்றுகளைத் தலைப்பிட்டு வெளியிட்டன. குற்றச்சாட்டு முதற்பக்கத்தில் வந்தது. மறுப்பு பல வேளைகளில் பிந்தி வந்தது. பொய்யையும் மெய்யையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காமல் விடுவது நடுநிலை ஆகாது என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தனர். அதற்குள் குற்றமற்ற பலர் வேலையையும் நற்பெயரையும் இழந்திருந்தனர்.

1954 மார்ச் 9-ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் எட்வர்ட் மரோவும் அவருடைய துணைவர் ஃபிரெட் ஃபிரெண்ட்லியும் ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பினர். பெரும்பாலும் மக்கார்த்தியின் சொந்தப் பேச்சுகளைக் கொண்டே அவருடைய முறைகளை அது அம்பலமாக்கியது. நிறுவனம் விளம்பரம் செய்ய முன்வராமையால், இருவரும் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பத்திரிகையில் அறிவிப்புச் செய்தனர். மறுமொழி கூற மக்கார்த்திக்கும் நேரம் தரப்பட்டது. ஏப்ரல் 6-இல் அவர் பேசினார். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் செனட் சபை 67-க்கு 22 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது. மரோ ஒரு பக்கம் சாய்ந்தார் என்று அவரைக் குறை கூறியவர் இருந்தனர். ஆனால் அவர் சாய்ந்தது சான்றின் பக்கம். எதிரியின் வாயை அடைக்கவும் இல்லை. கட்சிச் சார்புக்கும் மெய்ச் சார்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அச்சு இயந்திரத்தை வாங்க வல்லவர் எவரும் பத்திரிகை நடத்தலாம். வானொலியின் நிலை வேறு. அலைவரிசைகள் எண்ணிக்கையில் சில. இருவர் ஒரே வரிசையில் பேசினால் இருவர் குரலும் கேளாது. ஆகவே 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் ஆணையத்தை அமைத்து, உரிமம் வழங்கும் அதிகாரத்தை அதற்குத் தந்தது. வானலைகள் பொதுவுடைமை, நிலையத்தார் அவற்றின் அறங்காவலர் மட்டுமே என்னும் கருத்து வேரூன்றியது. 1949-இல் அவ்வாணையம் நியாயக் கோட்பாடு என்னும் விதியை வகுத்தது. பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியப் பிரச்சினைகளுக்கு நிலையங்கள் நேரம் ஒதுக்க வேண்டும். அவற்றில் மாறுபட்ட கருத்துகளுக்கும் நியாயமாக இடம் தரவேண்டும். அக்கோட்பாட்டின் சாரம் இவ்வளவே.

விதி ஏட்டில் இருந்தது. நாட்டில் எவ்வாறு இருந்தது? மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனுக்குச் செல்வோம். அங்கு டபிள்யூ.எல்.பி.டி. என்ற தொலைக்காட்சி நிலையம் இருந்தது. அதன் ஒளிபரப்பு எட்டிய பகுதியில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பேர் கறுப்பின மக்கள். ஆயினும் அவர்கள் குரல் அத்திரையில் ஒலிப்பது அரிது. 1955-இல், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சி ஒன்றில் தோன்றியபோது, நிலையத்தார் ஒளிபரப்பை வேண்டுமென்றே துண்டித்து, ‘மன்னிக்கவும், கம்பியில் பழுது’ என்ற அறிவிப்பைத் திரையில் காட்டினர் என்று புகார் எழுந்தது. பழுது கம்பியில் இல்லை, மனத்தில் இருந்தது என்பதே புகார் செய்தவர் கருத்து. இன ஒதுக்கலை ஆதரிக்கும் நிகழ்ச்சிக்கு இடம் தந்த நிலையம், அதனை எதிர்ப்போர்க்கு நேரம் தர மறுத்தது என்று 1957-இல் மற்றொரு புகார் எழுந்தது.

1963 மே மாதத்தில் ஜாக்சன் நகர மேயர் உரிமைப் போராட்டத்தைக் கண்டித்துத் தொலைக்காட்சியில் பேசினார். அச்சங்கத்தின் மாநிலச் செயலாளரான மெட்கர் எவர்ஸ், மறுமொழி கூறத் தமக்கும் நேரம் வேண்டும் என்று வாதாடிப் பெற்றார். மே 20-ஆம் நாள் அவர் பதினேழு நிமிடம் பேசினார். தம் நகரில் கறுப்பினத்தவர் எங்கெங்கு நுழைய இயலாது, எவ்வேலைகள் அவர்களுக்குக் கிட்டா என்பதை அமைதியாக எடுத்துரைத்தார். தம்மைப் போன்ற ஒருவர் தம் நிலையைப் பற்றித் தம் சொல்லாலேயே அத்திரையில் பேசியதை அந்நகரின் கறுப்பின மக்கள் கண்டனர். அப்பேச்சால் அவர் முகம் ஊரறிந்த முகமாயிற்று. ஜூன் 12-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், தம் வீட்டு வாயிலிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி தண்டனை பெற்றது 1994-இல். இடையே கழிந்தவை முப்பத்தோர் ஆண்டுகள். பதினேழு நிமிட நேரத்தின் விலை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு ஐக்கிய கிறிஸ்து சபையைச் சேர்ந்த எவரெட் பார்க்கர் என்னும் பாதிரியார் ஒரு வழி கண்டார். தொண்டர் சிலர் ஒரு வாரம் முழுவதும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, யார் காட்டப்பட்டனர், யார் விடப்பட்டனர் என்பதைக் குறித்தனர். அக்குறிப்புகளோடு, நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கலாகாது என்று ஆணையத்திடம் மனுச் செய்தனர். ஆணையமோ, அலைக்குறுக்கீட்டாலோ வியாபாரப் போட்டியாலோ நட்டமடைந்தோர் அன்றி, வெறும் பார்வையாளர் வழக்காட உரிமையற்றவர் என்றது. பொதுமக்களின் உடைமையைப் பற்றிப் பொதுமக்கள் வாய் திறக்கலாகாது என்னும் விந்தை வாதம் அது! 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளியது. கேட்போரும் காண்போரும் வழக்கில் நிற்க உரிமையுடையோர் என்று நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பளித்தார். ஆணையம் மீண்டும் உரிமத்தைப் புதுப்பித்தது. 1969-இல் நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது. பின்னர் அந்நிலையம் வேறு நிர்வாகத்திடம் சென்றது. 1972-இல் கறுப்பினத்தவர் ஒருவரே அதன் பொது நிர்வாகியாகப் பொறுப்பேற்றார்.

அதே 1969-இல், தலைமை நீதிமன்றமும் ரெட் லயன் வழக்கில் நியாயக் கோட்பாட்டை உறுதிசெய்தது; நிலைய உரிமையாளரின் உரிமையைவிடக் கேட்போரின் உரிமையே மேலானது என்றது. எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. 1960-களில் ஜனநாயகக் கட்சியினர் சிலர், எதிர்க்கருத்துடைய வலதுசாரி நிலையங்களைத் தொல்லைப்படுத்த இக்கோட்பாட்டையே கருவியாக்கினர் என்று ஃபிரெட் ஃபிரெண்ட்லி பிற்காலத்தில் எழுதினார். மரோவின் துணைவராக இருந்தவரே இதனை வெளியிட்டது அவர் நேர்மைக்குச் சான்று. நல்ல விதியும் கட்சியின் கையில் பட்டால் கறைபடும்.

மறுபுறம், பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் தாராளக் கொள்கையினர் பக்கமே சாய்ந்துள்ளன என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 1969 நவம்பரில் உதவி ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ தொலைக்காட்சி நிறுவனங்களை வெளிப்படையாகத் தாக்கினார். அக்குறையில் சிறிது உண்மை இருந்திருக்கலாம். ஆனால் அதற்குக் கண்ட மருந்து நோயினும் கொடிதாயிற்று. 1987-இல் ஆணையம் நியாயக் கோட்பாட்டைக் கைவிட்டது. அதனைச் சட்டமாக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி ரீகன் முன்னரே நிராகரித்திருந்தார். 1988-இல் ரஷ் லிம்பா என்பவரின் வானொலிப் பேச்சு நாடு முழுவதும் பரவத் தொடங்கியது. ஒரு கட்சியின் குரலையே நாள்தோறும் பல மணி நேரம் ஒலிக்கும் நிலையங்கள் பெருகின. 1996-இல் ரூப்பர்ட் மர்டாக் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியைத் தொடங்கினார். அதனை நடத்த வந்த ரோஜர் எயில்ஸ், 1968-இல் நிக்சனின் தேர்தல் ஆலோசகராக இருந்தவர். எதிர்த்தரப்பிலும் தம்மவர்க்கு இனிப்பதையே ஊட்டும் நிலையங்கள் வளர்ந்தன. கம்பிவழித் தொலைக்காட்சியைப் பழைய கோட்பாடு கட்டுப்படுத்தியிராது என்பதும் உண்மை. ஆயினும், மாற்றார் குரலுக்கும் இடம் தருவது கடமை என்னும் எண்ணமே பொதுவாழ்விலிருந்து மெல்ல மறைந்தது.

அதன் விளைவு 2020-ஆம் ஆண்டுத் தேர்தலில் தெரிந்தது. டொமினியன் நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்கள் வாக்குகளை மாற்றின என்னும் கூற்று ஃபாக்ஸ் நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்ப ஒலித்தது. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அக்கூற்றுகள் மெய்யல்ல என்று நீதிபதி 2023 மார்ச்சில் கூறினார். நிலையத்தார் பலர் தனிப்பட்ட முறையில் அவற்றை நம்பவில்லை என்பதும், பார்வையாளர் வேறு நிலையம் சென்றுவிடுவரோ என்று அஞ்சினர் என்பதும் வெளிவந்த கடிதங்களால் தெரிந்தன. ஏப்ரல் 18-ஆம் நாள் 78 கோடியே 75 இலட்சம் டாலர் தர ஃபாக்ஸ் இசைந்தது. கட்சி பத்திரிகையை ஆட்டிய காலம் போய், கேட்போரின் விருப்பமே நிலையத்தை ஆட்டும் காலம் வந்தமையை இது காட்டுகிறது.

இவ்வரலாறு கூறும் செய்தி யாது? 1798-இன் சட்டம் போல அரசாங்கம் வாயைக் கட்டுவது மருந்தன்று. பணம் உடையோர் விருப்பம்போல் பேசட்டும் என்று விடுவதும் மருந்தன்று. ஜாக்சன் நகரில் வெற்றி தந்தது மூன்றாவது வழி. சாதாரண மக்கள் அமர்ந்து, கேட்டு, குறித்து, யார் குரல் காணவில்லை என்று கேட்ட வழி அது. பிற மொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு இக்கேள்வியின் அருமை எளிதில் புலப்படும். நம்மைப் பற்றிப் பிறர் மட்டுமே பேசக் கேட்பதற்கும், நாமே பேசுவதற்கும் உள்ள தொலைவை நாம் அறிவோம்.

ஆகவே ஒரு செய்தியைக் கேட்கும்போது, அது நம் மனத்திற்கு இனிக்கிறதா என்று பார்ப்பதோடு அமையாது, இதில் யார் பேசவில்லை என்றும் கேட்டறிவோமாக. மூன்றாவது ஒற்றன் வரும்வரை காத்திருக்கும் பொறுமை, மன்னராகிய மக்களுக்கு இன்றியமையாதது.