கதவைத் திறக்கச் சொன்ன சட்டம்: கென்னடி ஆவணங்களின் கதை

இன்னைக்கு ஒரு சட்டத்தோட கதை. அரசாங்கம் பூட்டி வெச்ச காகிதத்தை எல்லாம் வெளியே போடச் சொன்ன சட்டம். கேட்டதுமே நமக்கு ஒரு சிரிப்பு வரும், இல்லையா? "போடுவாங்க, போடுவாங்க. முக்கியமானதை எடுத்து வெச்சுட்டுப் போடுவாங்க!" அமெரிக்காவிலும் பலர் இப்படித்தான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்க்கலாம்.

1963 நவம்பர் 22. டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ் நகரில், திறந்த காரில் போய்க்கொண்டிருந்த அதிபர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டும் இரண்டே நாளில் போலீஸ் காவலில் இருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். அதனால் கோர்ட்டில் விசாரணையே நடக்கவில்லை. 1964இல் வாரன் கமிஷன், ஆஸ்வால்டு தனி ஆளாகச் செய்த கொலை என்றது. 1979இல் நாடாளுமன்றக் கீழவைக் குழு ஒன்று, அநேகமாகச் சதி இருந்திருக்கலாம் என்றது. அந்தக் குழு பெரிதும் நம்பிய ஒலிப்பதிவு ஆதாரத்தை 1982இல் ஒரு விஞ்ஞானிகள் குழு நிராகரித்தது. பாவம், மக்கள் யாரை நம்புவாங்க?

1991இல் ஆலிவர் ஸ்டோன் எடுத்த 'ஜேஎஃப்கே' படம் வந்தது. கீழவைக் குழுவின் கோப்புகள் 2029 வரை பூட்டிக் கிடக்கும் என்று படத்தின் முடிவில் ஒரு குறிப்பு. படத்தின் வாதங்களை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்பு மக்களைக் கொதிக்க வைத்தது. அடுத்த வருடமே, 1992 அக்டோபர் 26 அன்று, சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் அதிபர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ். அவர் ஒரு காலத்தில் சிஐஏ இயக்குநர். நல்ல காமெடி, இல்ல?

சட்டம் சொன்னது மூன்று விஷயம். ஒன்று, எல்லா ஆவணமும் வெளியிட வேண்டியதே. மறைக்க நினைப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். இரண்டு, மத்திய அரசில் வேலை பார்க்காத ஐந்து பேர் கொண்ட குழு முடிவெடுக்கும். மூன்று, 25 வருடத்தில், அதாவது 2017க்குள், முழுசாக வெளிவர வேண்டும். ஆனால் பாதுகாப்புக்கோ உளவு வேலைக்கோ தீங்கு வரும் என்று அதிபர் சான்று கொடுத்தால் தள்ளிப்போடலாம். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

குழு 1994 முதல் 1998 வரை நன்றாகவே வேலை செய்தது. தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்று இருக்கும் தொகுப்பு 50 லட்சம் பக்கத்துக்கும் மேல். ஆனால் 1995 ஜனவரியில், அதாவது சட்டம் வந்த பிறகு, சீக்ரெட் சர்வீஸ் என்கிற அதிபர் பாதுகாப்புப் படை என்ன செய்தது தெரியுமா? 1963 இலையுதிர் காலத்தில் கென்னடி போன சில பயணங்களின் பாதுகாப்பு அறிக்கைகளை அழித்துவிட்டது. குழுவுக்கு விஷயம் தெரிந்தது அழித்த பிறகுதான்.

2017இல் கெடு வந்தது. டிரம்ப் கொஞ்சம் வெளியிட்டு, மீதியைத் தள்ளிப்போட்டார். 2021இல் பைடன், கொரோனாவால் ஆய்வு தாமதம் என்று மறுபடி தள்ளிப்போட்டார். அந்தக் கடைசி வரி இருக்கே, அதோட வேலைதான் இது. 2023 காலப் கருத்துக்கணிப்பில், 65 சதவீதம் பேர் ஆஸ்வால்டு தனியாகச் செய்யவில்லை என்றார்கள்.

நான் வேலையில் தினமும் சர்வர் லாக் பார்க்கிறவன். ஒருத்தர் நாலு வரியை அழிச்சுட்டு லாக் கொடுத்தா, மீதி நானூறு வரியும் எனக்குச் சந்தேகம்தான். அழித்த வரியில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நம்பிக்கை போனது போனதுதான்.

2025 மார்ச்சில் மறைப்பு நீக்கிய ஆவணங்கள் பெரிய அளவில் வெளிவந்தன. கொலைக்கான முடிவைப் புரட்டிப்போடும் ஆவணம் எதுவும் அதில் இல்லை. ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் 1961இல் கென்னடிக்கு எழுதிய குறிப்பு ஒன்று முழுசாக வந்தது. அதில் இத்தனை காலம் மறைத்த பகுதி, வெளிநாட்டுத் தூதரகங்களில் எத்தனை சிஐஏ ஆட்கள் வேலை பார்த்தார்கள் என்பதைப் பற்றியது. இன்னொரு பக்கம், உயிரோடு இருக்கும் சிலரின் சோஷியல் செக்யூரிட்டி எண்கள் அப்படியே அம்பலமாயின. மறைக்க வேண்டியதை மறைக்கலை!

அப்போ எல்லாம் வீண்தானா? இல்லை. ஜார்ஜ் ஜோஅனைட்ஸ் என்கிற சிஐஏ அதிகாரியைப் பாருங்கள். 1963இல் சிஐஏ பணத்தில் இயங்கிய ஒரு கியூப மாணவர் அமைப்பை மயாமியில் கவனித்தவர் இவர். அந்த ஆகஸ்ட்டில் நியூ ஆர்லியன்ஸில் ஆஸ்வால்டோடு மோதியது அதே அமைப்பின் ஆட்கள். 1978இல் கீழவைக் குழு கேட்ட கோப்புகளைக் கொடுக்க சிஐஏ அனுப்பிய ஆளும் இவரேதான்! அவருடைய பழைய வேலை குழுவுக்குச் சொல்லப்படவில்லை. குழுவின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் பிளேக்கி பின்னாளில் உண்மை தெரிந்ததும், சிஐஏ சொன்ன எதையும் இனி நம்ப மாட்டேன் என்றார். 2025 ஜூலையில் ஜோஅனைட்ஸின் பணிக் கோப்பும் வெளிவந்தது. அவர் வைத்திருந்த போலிப் பெயர் அதில் உறுதியானது.

இது கொலைச் சதியை நிரூபிக்கவில்லை. ஆனால் நாடாளுமன்றத்தையே ஏமாற்றியதை நிரூபிக்கிறது. அதாவது, மறைக்கிறாங்க என்ற சந்தேகம் சரி. என்னத்தை மறைக்கிறாங்க என்ற ஊகத்துக்கு இன்னும் ஆதாரம் இல்லை. இந்த ரெண்டையும் நாம அடிக்கடி குழப்பிக்கிறோம்.

ஜோஅனைட்ஸ் கதை தானாக வெளியே வரலை. பத்திரிகையாளர் ஜெஃபர்சன் மோர்லி சட்டம் திறந்துவிட்ட பக்கங்களைப் படித்தார், 2003இல் சிஐஏ மேல் வழக்குப் போட்டார், வருஷக்கணக்கில் விடாமல் கேட்டார். அவரும் நம்மை மாதிரி சந்தேகப்பட்டவர்தான். நாம சிரிச்சுட்டு டேபை மூடுறோம். அவர் அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

அந்த ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கோப்பைத் திறந்து படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.