ஊசியில் வந்த வெள்ளம்: கெண்டைக் குஞ்சுகள் பிறந்த கதை

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று பெருங்கெண்டைகளும் குளத்தில் நன்றாகவே வளரும். தவிடும் பிண்ணாக்கும் போட்டால் ஓராண்டில் விற்பனைக்குத் தயாராகிவிடும். இரண்டு, மூன்று வயதில் பெண் மீனின் வயிறு சினையால் புடைத்திருக்கும். ஆனால் தேங்கிய தண்ணீரில் அவை முட்டை இடுவதில்லை. மழைக்காலம் கடந்ததும் அத்தனை சினையும் உடலுக்குள்ளேயே கரைந்துபோகும். மீன்களின் இந்தப் பிடிவாதத்தால், குளம் வைத்திருந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குஞ்சுக்காக ஆற்றையே எதிர்பார்த்துக் கிடந்தார்கள்.

மழைக்காலத்தில் கங்கையில் வெள்ளம் ஏறும்போது, நெருக்கமான கண்களுள்ள வலையைக் கரையோரம் கட்டி நுண்குஞ்சுகளைப் பிடிப்பார்கள். அவற்றைப் பானையில் அடைத்து ரயிலேற்றி வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். பானையைக் கையால் அசைத்துக்கொண்டே வர ஆள் வேண்டும். அசைத்தால்தான் தண்ணீரில் காற்று கலக்கும். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தாலும் பானைக்குள் இருப்பது என்ன மீன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வாளைக் குஞ்சுகள் கலந்துவிட்டால், வளர வளரக் கூட இருப்பவற்றைத் தின்று தீர்த்துவிடும். வெள்ளம் பொய்த்த ஆண்டிலோ பானையே வராது.

ஒரு துப்பு மட்டும் வங்காளத்தில் நெடுநாளாக இருந்தது. மிட்னாபூர், பாங்குரா பக்கத்தில் சரிவான நிலத்தில் கரை கட்டி மழைநீரைத் தேக்குவார்கள். கனமழையில் புதுத்தண்ணீர் பாய்ந்து வரும்போது அந்தத் தேக்கங்களில் கெண்டைகள் முட்டையிட்டன. அப்படியானால் மீனுக்கு ஆறுதான் வேண்டும் என்பதில்லை, வெள்ளம் தரும் சமிக்ஞை போதும். அது உடலுக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதே கேள்வி.

விடையின் முதல் பாதி தென் அமெரிக்காவில் கிடைத்தது. மீனின் மூளைக்கு அடியில், முட்டையிடத் தூண்டும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அர்ஜென்டினாவின் உடலியல் அறிஞர் பெர்னார்டோ ஊசாய் 1930-ஐ ஒட்டி, ஒரு மீனின் பிட்யூட்டரியை இன்னொரு மீனுக்குச் செலுத்திச் சோதித்தார். 1930-களின் நடுவில் பிரேசிலில் ரொடோல்போ வோன் ஈரிங் இதைக் கொண்டு ஆற்று மீன்களை முட்டையிட வைத்தார். அதே பத்தாண்டில் பஞ்சாபில் ஹமீத் கான் மிர்காலிடம் முயன்றார். அவர் பயன்படுத்தியது பாலூட்டிகளின் பிட்யூட்டரி. பண்ணைக்கு உதவும் முறையாக அது வளரவில்லை.

மீதிப் பாதியைக் கண்டவர் ஹீராலால் சௌத்ரி. இன்று வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட்டில் 1921-இல் பிறந்தவர். பிரிவினைக்குப் பின் பாரக்பூரில் இருந்த மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். முதலில் சிறுமீன்களுக்கு ஊசி போட்டுப் பார்த்து, பிறகே பெருங்கெண்டைக்கு வந்தார். கெண்டையின் சுரப்பியே கெண்டைக்குப் பொருந்தும், அதுவும் முட்டையிடும் பருவத்தை நெருங்கிய மீனின் சுரப்பியில்தான் வீரியம் மிகுதி என்பது தெளிவாயிற்று. 1957 ஜூலை 10 அன்று, ஒடிசாவின் அங்குலில், சௌத்ரியும் அவருடன் பணியாற்றிய கே. எச். அலிகுன்ஹியும் இந்தியப் பெருங்கெண்டையை ஊசி மூலம் முட்டையிட வைத்தார்கள். இன்று அந்த நாள் தேசிய மீன் விவசாயிகள் நாள்.

முறை எளிமையாக இருந்ததுதான் அதன் பலம். மீன் சந்தையில் வெட்டிய தலைகளிலிருந்தே சுரப்பியை எடுக்கலாம். தண்ணீர் கலக்காத ஆல்கஹாலில் போட்டால் கெடாது. தேவைப்படும்போது எடை பார்த்து, காய்ச்சி வடித்த நீரில் அரைத்து, தெளிந்த சாற்றை மட்டும் ஊசியில் ஏற்ற வேண்டும். பெண் மீனுக்கு முதலில் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் சுரப்பி; ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராம். ஆண் மீனுக்கு இந்த இரண்டாம் வேளையில் சிறிய அளவில் ஒரே ஊசி. பிறகு ஒரு பெண்ணையும் இரண்டு ஆண்களையும் குளத்திலேயே மூங்கில் நட்டுக் கட்டிய ‘ஹாப்பா’ என்னும் துணித் தொட்டியில் விடுவார்கள். நான்கைந்து மணி நேரத்தில் முட்டைகள் உதிரும். நீரை உறிஞ்சி உருண்டையாக உப்பும் அந்த முட்டைகள் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரியும். மாலையில் ஊசி போட்டால் மறுநாள் இரவுக்குள் குஞ்சு கையில் இருக்கும். அது என்ன மீன் என்பதும் முன்பே தெரியும்.

ஆய்வுக்கூடத்திலிருந்து குளக்கரைக்கு வரச் சில காலம் பிடித்தது. 1960-களின் நடுவில்கூட நாட்டின் மீன் குஞ்சில் பத்தில் ஒன்பது பங்கு ஆற்றிலிருந்தே வந்தது. இதற்கிடையே ஜப்பானிலிருந்து வெள்ளிக் கெண்டையும் ஹாங்காங்கிலிருந்து புல் கெண்டையும் 1959-இல் கட்டாக்குக்கு வந்து சேர்ந்தன. 1962-இல் அவையும் ஊசிக்குப் பணிந்தன. நீரின் மேல்மட்டம், நடு, அடி என்று வெவ்வேறு இடத்தில் இரை தேடும் மீன்களைக் கணக்குப் போட்டு ஒரே குளத்தில் விடும் கூட்டு மீன்வளர்ப்பு இதனால்தான் கைகூடியது. பிறகு துணி ஹாப்பாவின் இடத்துக்கு, தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கும் சீன வகை வட்டத் தொட்டி வந்தது. ஒரு தொட்டியில் லட்சக்கணக்கான முட்டைகள் பொரிந்தன.

சுரப்பிக்காகத் தலைகளைத் தேடும் வேலையும் 1980-களின் இறுதியிலிருந்து குறைந்தது. ஓவாப்ரிம் போன்ற ஆயத்த மருந்துகள் வந்தன. மீனின் பிட்யூட்டரியைத் தூண்டும் செயற்கை ஹார்மோன் ஒன்று, அந்தத் தூண்டலைத் தடுக்கும் டோபமினை முடக்கும் டாம்பெரிடோன் ஒன்று என இரண்டும் அதில் கலந்திருக்கும். மனிதருக்கு வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் அதே டாம்பெரிடோன்தான். பிற மீனின் சுரப்பியைக் கடன் வாங்காமல், மீனின் சொந்தச் சுரப்பியையே வேலை செய்ய வைக்கும் உத்தி இது. இதற்கு ஒரே ஊசி போதும்.

வசதி கூடியபோது வேறொரு சிக்கல் தலைதூக்கியது. ஆற்றுக் குஞ்சுகள் எண்ணற்ற பெற்றோரின் பிள்ளைகள். பொரிப்பகத்தில் ஒரு கிலோ தாய் மீனே இரண்டு லட்சம் முட்டை அளவுக்குத் தரும் என்பதால், விரல்விட்டு எண்ணும் தாய்களே மொத்தத் தேவைக்கும் போதும். அவற்றின் குஞ்சுகளையே வளர்த்து மறுபடியும் தாயாக்கினால், நெருங்கிய உறவுக் கலப்பில் வளர்ச்சி குன்றும். ஒரே தொட்டியில் கட்லாவையும் ரோகுவையும் சேர்த்து விட்டால் கலப்பினக் குஞ்சு பிறந்து, தூய இனத்துக்குள் புகுந்துவிடும்.

இதைச் சரிசெய்ய, புவனேஸ்வரம் அருகே கௌசல்யாகங்காவில் உள்ள நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நார்வே ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளின் ரோகுவைப் பண்ணை ரோகுவுடன் சேர்த்து, குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்து, வேகமாக வளர்பவற்றைத் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி வந்தது ‘ஜெயந்தி’ ரோகு. வளர்ச்சி தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் கூடியது.

குஞ்சு கிடைக்குமா என்ற கேள்விக்கு 1957-இல் பதில் கிடைத்துவிட்டது. எந்தத் தாய், எந்தத் தந்தை என்பதற்குப் பொரிப்பகத்தின் பதிவேடுதான் பதில் சொல்ல வேண்டும். குஞ்சு வாங்கப் போகிறவர் விலையோடு அதையும் கேட்டு வாங்குவது நல்லது.