காலிப் பாத்திரம்

திருவண்ணாமலை என்றதும் நம் நெஞ்சில் எழுவன மலையும், விண்ணளாவிய கோபுரங்களும், கார்த்திகைத் திருநாளில் மலையுச்சியில் ஏற்றப்படும் பெருந்தீபமும் ஆகும். ஆயினும், கத்தோலிக்கத் துறவி ஒருவர் அவ்வூரில் கற்ற பாடம் மலையுச்சியில் தொடங்கவில்லை. உணவுப் பந்தியில், இலையின் முன்னே தொடங்கிற்று.

அத்துறவி, பிரான்சு நாட்டில் 1910-இல் பிறந்த ஹென்றி லெ சோ அடிகள். ஆசீர்வாதப்பர் சபையைச் சார்ந்தவர். 1948-இல் தமிழகம் வந்து, குளித்தலையில் பணியாற்றிய அருட்தந்தை ஜூல்ஸ் மோன்சானினோடு இணைந்தார். 1949 சனவரியில் இருவரும் இரமண மகரிஷியைக் காணத் திருவண்ணாமலை சென்றனர்.

ஞானியின் முகத்தில் ஒளிவட்டமொன்றைக் காணும் ஆவலோடு சென்றார் லெ சோ. கண்டதோ தம் சொந்தத் தாத்தாவை நினைவூட்டிய அன்பான முதியவரை! பந்தியில் அவரை உற்று நோக்கினார். எல்லோரும் உண்ட உணவையே அவரும் உண்டார். எல்லோரையும் போலக் கையாலேயே உண்டார். அடிகளின் உள்ளம் வாடியது. அங்கிருந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் அவருக்கு உண்மையை உணர்த்தினார்: அவர் மிகுந்த சுமையோடு வந்திருந்தார், தாம் வகுத்த வழியிலேயே அருள் வரவேண்டும் என்று எதிர்பார்த்தார், முதலில் வெறுமையாக வேண்டும்.

அந்த ஆசிரமமே இதற்கு விளக்கமாய் இருந்தது. மகரிஷி பல்லாண்டுகள் விடியலுக்கு முன்னரே அடுக்களைக்குச் சென்று காய்கறி நறுக்கியவர். சிந்திய அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கியவர். கொட்டாங்கச்சியைத் தேய்த்து மெருகேற்றிக் கலமாக்கியவர். உள்ளிருப்பதை அகற்றினாலன்றிக் கொட்டாங்கச்சி கலமாவதில்லை.

இப்பாடம் நம் மறைநூலுக்குப் புதிதன்று. அரசர்கள் இரண்டாம் நூலில், கடனால் பிள்ளைகளை இழக்கவிருந்த கைம்பெண்ணின் வீட்டில் எஞ்சியிருந்தது சிறிதளவு எண்ணெயே. அண்டை வீடுகளில் காலிப் பாத்திரங்களைக் கேட்டு வாங்குமாறு இறைவாக்கினர் எலிசா பணித்தார். எண்ணெய் எப்போது நின்றது? எண்ணெய் தீர்ந்தபோதன்று; பாத்திரம் தீர்ந்தபோது! இறையருளுக்குக் குறைவில்லை, அதை ஏற்கும் வெறுமைக்கே குறைவு.

நம் ஆண்டவரும் விண்ணரசை விளக்கப் புளிப்பு மாவையும், விளக்கையும், வீட்டைப் பெருக்கிக் காசு தேடிய பெண்ணையும் காட்டினார். நாசரேத்து இல்லத்தில் அவர் கண்டு வளர்ந்தவை அவை. 17-ஆம் நூற்றாண்டில் பாரிசுக் கார்மேல் மடத்தின் சமையற்கூடத்தில் உழைத்த சகோதரர் லாரன்சு, அடுப்படியிலும் இறைபிரசன்னத்தில் வாழ முடியும் எனக் காட்டினார்.

லெ சோ அடிகள் 1950 மார்ச் 21 அன்று மோன்சானினோடு தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தைத் தொடங்கினார். அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்டார். பின்னர் அருணாசல மலையின் குகைகளில் பலமுறை தங்கி மௌனத்தில் செபித்தார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் இறைவனடி சேர்ந்தார். ஏமாற்றமாய்த் தொடங்கிய அப்பயணம், அவர் வாழ்வின் திருப்பமாயிற்று.

நாமோ நிறைந்த பாத்திரத்தோடு ஆலயம் செல்கிறோம். இன்னது வேண்டும், இந்நாளில் வேண்டும், இவ்வழியில் வேண்டும் என்கிறோம். கிடைக்காதபோது இறைவன் மௌனமாயிருப்பதாக வருந்துகிறோம். செபிக்க நேரமில்லையே எனக் கலங்கும் குடும்பத் தலைவியரும் நம்மிடையே உளர். இரவில் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைச் சற்றே நோக்குங்கள். நாளைய உணவுக்காக அவை வெறுமையாய்க் காத்திருக்கின்றன. நம் உள்ளமும் அவ்வாறு காத்திருக்குமாயின், அதுவே செபம்.